நான்கே டியூப், ஒரு பித்தளைச் சொம்பு: எண்ணெய் வண்ணத்தில் நிறங்களை ஒத்துப்போக வைப்பது எப்படி

எண்ணெய் வண்ணம் பழக ஆரம்பிப்பவர்கள் வாங்கி வரும் பெட்டியில் பெரும்பாலும் 12 டியூப் இருக்கும். முதல் படத்திலேயே பன்னிரண்டையும் பிதுக்கிவிடுவார்கள். சொம்புக்கு ஒரு மஞ்சள், வெங்காயத்துக்கு ஒரு ரோஸ், பின்னால் சுவருக்கு ஒரு நீலம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி இருக்கும்.

நானும் சில வருடம் அப்படித்தான் வரைந்தேன். பிறகு ஒரு நாள் பெட்டியிலிருந்து நான்கு டியூப்பை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பரணில் போட்டேன். அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நிறங்கள் ஒத்துப்போவதற்குத் தனியாக ஒரு ரசனை பிறவியிலேயே வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. படத்தில் இருக்கும் எல்லாக் கலவையும் ஒரே மூன்று நான்கு டியூப்பிலிருந்து வந்தால், அவை சொந்தக்காரர்களாக இருந்துதான் தீரவேண்டும். ஒரே புளிக்கரைசலில் குழம்பும் ரசமும் வைத்த நாள் சாப்பாடு மாதிரி.

இந்த வழிகாட்டியில் நாம் வரையப்போவது ஒரு பித்தளைச் சொம்பு, இரண்டு பெரிய வெங்காயம், ஒரு பூண்டு, அடியில் மடித்த வெள்ளை வேட்டி. கேன்வாஸ் 12க்கு 16 அங்குலம்.

எந்த நான்கு

வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு. இந்தக் கூட்டணிக்கு இன்று ஓவியர்கள் வைத்திருக்கும் பெயர் 'சோர்ன் பேலட்' (பேலட் என்பது வண்ணங்களை வைத்துக் கலக்கும் பலகை). ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) ஸ்வீடனின் மோரா ஊர்க்காரர். வாட்டர்கலரில் பெயர் வாங்கியவர், 1880களின் கடைசியில் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையில் தங்கியிருந்தபோதுதான் எண்ணெய் வண்ணத்துக்கு முழுதாக வந்தார். 1896இல் அவர் வரைந்த தன்னுருவப் படத்தில் கையில் பேலட்டோடு இருக்கிறார். அதில் வைத்திருக்கும் வண்ணங்கள் இவைதான். யோசனை அவருடையது மட்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. பண்டைய கிரேக்க ஓவியர் அபெல்லெஸ் நான்கு நிறங்களில்தான் வரைந்தார் என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

சோர்ன் காலத்தில் சிவப்பு என்றால் சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. வெள்ளை என்றால் ஈய வெள்ளை. நமக்கு இரண்டும் வேண்டாம். சிவப்புக்கு காட்மியம் ரெட் லைட், வெள்ளைக்கு டைட்டானியம் ஒயிட் போதும். மஞ்சளுக்கு எல்லோ ஆக்கர். கறுப்பில் மட்டும் கவனமாக இருங்கள். ஐவரி பிளாக்தான் வேண்டும், டியூப்பின் பின்னால் 'பிபிகே 9' (PBk 9) என்ற குறியீடு இருக்கும். ஒரு காலத்தில் யானைத் தந்தத்தைக் கரித்துச் செய்தார்கள், இன்று விலங்கு எலும்பைக் கரித்துச் செய்கிறார்கள் (சைவத்தில் கண்டிப்பானவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்). இதில் வெள்ளையைக் கலந்தால் லேசாக நீலம் பாய்ந்த சாம்பல் வரும். மார்ஸ் பிளாக் என்று ஒன்று விற்கும். அது இரும்பு ஆக்சைடு, பலமான கறுப்பு, கொஞ்சம் பழுப்புப் பக்கம் சாயும். அதை வாங்கிவிட்டால் இந்த வழிகாட்டியின் பாதி வேலை செய்யாது.

மற்றவை: பன்றிமுடி பிரஷ் மூன்று (தட்டை, 4, 6, 8 எண்களில்), ஒரு மெல்லிய உருண்டை பிரஷ், ஒரு பேலட் கத்தி, வண்ணத்தைக் கரைக்க டர்பன்டைன், ஓவியர்களுக்கென்று சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெய், பழைய பனியன் துணி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு ஆளிவிதை எண்ணெய் விலை குறைவு என்று போய்விடாதீர்கள். நான் போனேன். அந்தக் கதை கடைசியில்.

இரண்டு மாலை: கட்டம் போடுவது

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஒரு பழைய கேன்வாஸ் அட்டையை எடுத்து, பென்சிலால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஜோடிகள்: காவியும் சிவப்பும், சிவப்பும் கறுப்பும், காவியும் கறுப்பும். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்து படியாக மாற்றிக்கொண்டு போங்கள். பிறகு ஒவ்வொரு படியிலும் வெள்ளையைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறைய என்று மூன்று முறை சேர்த்து அடியில் பூசுங்கள்.

கலக்கும்போது ஒரு விஷயம். பலமான நிறத்தைப் பலவீனமான நிறத்துக்குள் துளித்துளியாகக் கொண்டு போகவேண்டும். காட்மியம் சிவப்பு காவியை ஒரே வாயில் விழுங்கிவிடும். காவிக் குவியலை முதலில் வைத்து, கத்தி நுனியில் சிவப்பைத் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். மாற்றிச் செய்தால் காவி டியூப் காலியாகும், நிறம் மட்டும் மாறாது.

கட்டம் முடிந்ததும் மூன்று விஷயம் கண்ணில் படும். காவியும் கறுப்பும் சேர்ந்தால் பாசிப்பச்சை. சிவப்பும் கறுப்பும் சேர்ந்து வெள்ளை கலந்தால் மங்கலான ஊதா, வெங்காயத்தோலில் பாதி அதுதான். காவி, சிவப்பு, வெள்ளை சேர்ந்தால் மனிதத் தோலின் பல நிறங்கள். பெட்டியில் பச்சையும் ஊதாவும் இல்லாமலே இவை கிடைத்துவிட்டன. ஆனால் எல்லாம் ஒரே குடும்ப மூக்கோடு பிறந்திருக்கும்.

நீலம் எங்கே என்று கேட்பவர்களுக்கு

கறுப்பையும் வெள்ளையையும் கலந்து நடுத்தரச் சாம்பல் ஒன்று செய்யுங்கள். அதை வெள்ளைத் தட்டில் தனியாக வைத்துப் பார்த்தால் சாம்பல்தான், சந்தேகமே வராது. இப்போது காவியும் சிவப்பும் கலந்த ஒரு ஆரஞ்சை அட்டையில் பரப்பி, நடுவே அந்தச் சாம்பலை ஒரு ரூபாய் அளவுக்கு வையுங்கள். நீலமாகிவிடும்.

1820களில் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் தலைவராகப் பொறுப்பேற்றவர் செவ்ரூல், வேதியியலாளர். நீல, ஊதாத் துணிகளின் நிழலுக்காக நெய்த கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். 1839இல் அதை விரிவாக எழுதியும் வெளியிட்டார். நம் ஊர் நகைக்கடைக்காரர்களுக்கு இதெல்லாம் யாரும் பாடம் நடத்தவில்லை. வெள்ளிக் கொலுசை ஏன் ரோஸ் தாளில் வைத்துத் தருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாளில் வெள்ளி குளிர்ச்சியாக, பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்ததும் கொஞ்சம் வாடிவிடும்.

ஆக, இந்த முறையில் நீலத்தை டியூப்பிலிருந்து எடுப்பதில்லை, பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்குகிறோம்.

வெளிச்சமும் அடுக்கும்

ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னலைச் சிபாரிசு செய்யும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால் வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க மாறாது. சென்னைக்கு அது அப்படியே பொருந்தாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது காலை இரண்டு மணி நேரம் மட்டும் வரைந்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு திசையிலிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் குழம்பும், நிழல் குழம்பினால் கலவையும் குழம்பும். ஜன்னல் வெளிச்சம் குளிர்ந்த நிறம், அதனால் நிழல் பக்கம் கொஞ்சம் சூடாக, பழுப்பாகத் தெரியும். மஞ்சள் பல்பு வைத்தால் தலைகீழ். இதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு கடைசி வரை மாற்றாமல் இருப்பது முக்கியம்.

சொம்பை நடுவில் வைக்காதீர்கள். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, வெங்காயங்களில் ஒன்றைச் சொம்பை ஒட்டி வைத்தால் அதன் சிவப்பு பித்தளை வயிற்றில் பிரதிபலிக்கும். இதை வேண்டுமென்றே செய்கிறோம். ஒரு பொருளின் நிறம் இன்னொன்றுக்குள் போய் உட்காரும் இடம்தான் படத்தைக் கட்டிப்போடும்.

தீப்பெட்டி அளவில் ஒத்திகை

நோட்டில் தீப்பெட்டி அளவுக்கு நான்கைந்து கட்டம் போட்டு, மூன்றே டோனில் (இருட்டு, நடு, வெளிச்சம்) படத்தை அடுக்கிப் பாருங்கள். பென்சில் போதும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பொருள்கள் மறைந்து இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும்தான் நிற்கும், அதை வரைந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கவேண்டாம்.

டோன் சரியாக இருந்தால் நிறம் கொஞ்சம் தப்பினாலும் படம் நிற்கும். டோன் தப்பினால் எவ்வளவு அழகான நிறமும் காப்பாற்றாது. போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, வரையும்போது நடுநடுவே பொருளையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை.

அடித்தளம்

வெள்ளை கேன்வாஸில் நேரே வரைந்தால் எல்லா நிறமும் இருட்டாகத் தெரிந்து ஏமாற்றும். காவியில் துளி கறுப்பைச் சேர்த்து, டர்பன்டைனில் டீ மாதிரி கரைத்து, கேன்வாஸ் முழுக்கப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். மங்கலான மணல் நிறம் நிற்கும். ஒரு நாள் காயட்டும். மறுநாள் அதே கலவையைக் கொஞ்சம் கெட்டியாக எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் கோடு. சொம்பின் வாய் எப்போதும் கோணும். நடுக்கோடு ஒன்று போட்டு இரண்டு பக்கமும் அளந்துகொள்ளுங்கள்.

முதல் அமர்வு: இருட்டிலிருந்து

இருட்டான இடங்களை முதலில் வையுங்கள். கறுப்பில் சிவப்பும் காவியும் சேர்த்த கலவை, டர்பன்டைனில் மெலிதாக. தனிக் கறுப்பை நிழலுக்குப் போட்டால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு விதி உண்டு, மீறக்கூடாதது. அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்கவேண்டும். எண்ணெய் வண்ணம் துணி காய்வது மாதிரி காய்வதில்லை. எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. எண்ணெய் அதிகமான பூச்சு மெதுவாக இறுகும், இறுகும்போது அசையும். அதன் மேல் சீக்கிரம் இறுகுகிற பூச்சு உட்கார்ந்தால் வெடிப்பு விழும். அதனால் முதல் பூச்சில் டர்பன்டைன், இரண்டாவதில் டியூப்பில் வருகிறபடி, கடைசியில் மட்டும் சில சொட்டு எண்ணெய்.

குவியல்கள்

பிரஷ்ஷை எடுக்கும் முன் கத்தியால் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று குவியல்: நிழல், நடு, வெளிச்சம்.

பித்தளையில்தான் எல்லோரும் தோற்பார்கள். பித்தளை என்றதும் மஞ்சளைத் தேடுவோம். உட்கார்ந்து பத்து நிமிடம் சொம்பைப் பாருங்கள். அதன் உடம்பில் பெரும்பகுதி மஞ்சளே இல்லை. கழுத்துக்கு அடியில் கிட்டத்தட்டக் கறுப்பு. வயிற்றின் நிழல் பக்கம் பாசிப்பச்சை. அடியில் வேட்டியின் சாம்பல் படர்ந்திருக்கும். வெங்காயத்தை ஒட்டிய இடத்தில் செங்கல் நிறம். காவி தன் நிறத்தில் அப்படியே நிற்பது கட்டைவிரல் அகலத்துக்குத்தான். அந்தச் சின்ன இடம் தங்கமாகத் தெரிவதற்குக் காரணமே சுற்றியுள்ள மற்ற எல்லாம் அடங்கியிருப்பதுதான்.

ஆகவே சொம்பின் நிழலுக்குக் கறுப்பு, காவி, துளி சிவப்பு. நடுவுக்குக் காவியில் கொஞ்சம் கறுப்பு. வெளிச்சத்துக்குக் காவியும் வெள்ளையும். மின்னும் புள்ளியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயத்துக்கு சிவப்பும் கறுப்பும் அடி, வெளிச்சப் பக்கம் அதில் வெள்ளையும் கொஞ்சம் காவியும். தோலின் மேல் படியும் ஊதாப் பளபளப்புக்கு, சாம்பலில் கத்தி நுனியளவு சிவப்பு. பூண்டை வேட்டியின் குவியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், காவி ஒரு சிட்டிகை கூட.

வேட்டிக்கு வெள்ளை டியூப்பை நேராகப் பிதுக்குவது அடுத்த பொதுத் தவறு. வெள்ளைத் துணியின் நிழல் நாம் நினைப்பதைவிட எவ்வளவோ இருட்டு. போனில் பார்த்தால் வேட்டி மடிப்பின் நிழல், வெளிச்சம் விழும் பித்தளையைவிடக் கறுப்பாக இருக்கும். அங்கே கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை வையுங்கள். சொம்பின் மஞ்சளுக்கும் வெங்காயத்தின் சிவப்புக்கும் நடுவில் அது தானாகவே நீலம் போட்ட வேட்டியாகிவிடும்.

அமர்வு முடிந்ததும் பேலட்டில் மிஞ்சிய எல்லாவற்றையும் கத்தியால் வழித்து ஒன்றாகக் குழைத்தால் பெயர் சொல்ல முடியாத ஒரு அழுக்குச் சாம்பல் வரும். தூக்கிப் போடாதீர்கள். பின்சுவருக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. படத்தில் எங்கேயாவது ஒரு நிறம் துருத்திக்கொண்டு நின்றாலும் இதில் ஒரு துளி சேர்த்தால் அடங்கும்.

ஒரு வாரம் கழித்து

முதல் பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்கு வர ஒரு வாரமாவது ஆகும். ஐவரி பிளாக்கும் காட்மியமும் மெதுவாகக் காய்கிறவை, மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். நான் இந்தப் படத்தை ஆரம்பித்தது ஐப்பசியில். ஒன்பதாம் நாள் திரும்ப உட்கார்ந்தபோது ஒரு வெங்காயம் முளைவிட்டிருந்தது. அரை அங்குலம், பளிச்சென்ற இளம்பச்சை. மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். பரணில் பச்சை டியூப் இருக்கிறது என்பதும் ஞாபகம் வந்தது. கடைசியில் காவி, துளி கறுப்பு, நிறைய வெள்ளை கலந்து, முளை இருந்த இடத்தில் இரண்டே தீற்று வைத்தேன். பேலட்டில் அது நீர்த்த பாசிப்பருப்பு நிறம். வெங்காயத்தின் சிவப்புக்குள் போய் உட்கார்ந்ததும் முளை பச்சையாகிவிட்டது. படத்தைப் பார்க்கிற எல்லோரும் முதலில் அதைத்தான் சுட்டுகிறார்கள்.

அதற்காக இந்த நான்கு டியூப்பில் எல்லாம் முடியும் என்று சொல்லமாட்டேன். வாழையிலை வராது. மயில்கழுத்து நிறப் பட்டு வராது. மதியக் கடல் வரவே வராது. சோர்னும் எப்போதும் நான்கோடு நின்றுவிடவில்லை. மோராவில் அவர் வீட்டையும் பொருட்களையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், அவர் விட்டுச்சென்ற டியூப்களில் கோபால்ட் நீலமும் உண்டு. ஐந்தாவது டியூப் தேவைப்படும் நாள் வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான், அதிலும் ஒரு துளியைப் படத்தின் வேறு இரண்டு இடத்துக்காவது கடத்திவிடுங்கள்.

இரண்டாம் அமர்வில் வெளிச்சங்களைக் கெட்டியாக வையுங்கள். நிழல் மெலிதாக, வெளிச்சம் தடியாக. வெங்காய நிழலும் வேட்டி நிழலும் சேரும் இடத்தில் ஓரத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் கரைத்துவிடுங்கள். விரலால் தேய்க்கத் தோன்றும், காட்மியம் இருப்பதால் வேண்டாம். கடைசியாகச் சொம்பின் தோளில் மின்னும் புள்ளி: வெள்ளையில் காவி ஒரு பொட்டு, ஒரே தொடுதல். தொட்டபின் திருத்தாதீர்கள். படம் முழுவதிலும் கிட்டத்தட்டத் தூய வெள்ளை அந்த ஒரு இடத்தில்தான்.

சரியாக வரவில்லை என்றால்? சுண்ணாம்படித்த மாதிரி இருந்தால் வெள்ளை அதிகம், வெளிச்சக் கலவையில் காவியைக் கூட்டுங்கள். சேறாக இருந்தால் பெரும்பாலும் நிறம் குற்றவாளி இல்லை, டோன்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிவிட்டன. போனை எடுங்கள். எல்லாம் பச்சை பாய்ந்து நோயாளி மாதிரி இருந்தால் சிவப்பை மறந்துவிட்டீர்கள்.

காயவைப்பதும் வார்னிஷும்

எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டின்னில் போடுங்கள்.

இப்போது அந்த டபுள் பாயில்டு கதை. அந்த எண்ணெயைக் கலந்து ஒரு படம் வரைந்து, தூசி படக்கூடாதென்று பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்தால் வெள்ளை வேட்டி பழைய செய்தித்தாள் நிறம். தவறு இரண்டு. அந்த எண்ணெய் இயல்பிலேயே அதிகம் மஞ்சளிக்கும். அதோடு எந்த ஆளிவிதை எண்ணெயும் இருட்டில் வைத்தால் மஞ்சளிக்கும். நேர்வெயில் படாத வெளிச்சமான அறையில் சில வாரம் வைத்தபோது கொஞ்சம் தெளிந்தது, முழுதாகத் திரும்பவில்லை. அதனால் படத்தை வெளிச்சம் வரும் சுவரில், பின்பக்கம் காற்று போக இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஒட்டி மாட்டினால் கார்த்திகைக்குள் பின்னால் பூஞ்சை வந்துவிடும்.

காயக் காயக் கறுப்புகள் மங்கிச் சாம்பலாகிவிடும். பயந்துகொண்டு மேலே இன்னொரு பூச்சு போட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுத்து, தூசியைத் துடைத்துவிட்டு, படத்தைப் படுக்கவைத்து வார்னிஷை மெலிதாக இழுத்துவிடுங்கள். பிரஷ் நகர நகர, சொம்பின் கழுத்துக்கு அடியில் நீங்கள் முதல் நாள் வைத்த அந்த இருட்டு ஈரமாக மேலே எழுந்து வரும்.